அடுக்கு என்ற சொல்லும் ஒரு பிள்ளைக்காம்பராவும்

பழைய மாணவர் மலருக்காக நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு கலைச்சொல்லுக்கான விளக்கம். சமூக அடுக்கு என்றால் என்ன, அந்தச் சொல்லை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்று பேரப்பிள்ளைகளுக்கும் புரியும்படி இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன் என்பதால், நீங்கள் கேட்டது நியாயம். விளக்கம் மூன்று வரிக்கு மேல் போகாது. செல்வமும் அதிகாரமும் மதிப்பும் ஒரு சமூகத்தில் சமமாகப் பகிரப்படாதபோது, ஏறத்தாழ ஒரே அளவு பெற்றவர்கள் ஒரு தளமாகவும், கூடுதலாகப் பெற்றவர்கள் அதற்கு மேல் இன்னொரு தளமாகவும் அமைகிறார்கள். அப்படி அமைந்த ஒவ்வொரு தளமும் ஓர் அடுக்கு. பாறைகளைப் படிப்பவர்களிடமிருந்து கடன் வாங்கிய சொல் இது. மண்ணும் மணலும் படிந்து இறுகி ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதைப் பார்த்தவர்கள், மனிதர்களுக்கும் அதே சொல்லை வைத்தார்கள்.

அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பாறை தானாகப் படிகிறது. அதை யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டியதில்லை. எங்கள் மலையில் அடுக்கைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் என் அக்கா. அவளுக்கு அப்போது பதினொரு வயது. சென்ற மாதம் அவளைப் புதைத்துவிட்டு வந்தேன். ஆகவே நீங்கள் கேட்ட இரண்டு பக்கத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். சிலர் அங்கேயே பிறந்தவர்கள். உச்சியில் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா. அதற்குக் கீழே, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு, கணக்கெழுதும் கிளாக்கர் வீடுகள். அதற்கும் கீழே, காம்பராவுக்கு ஒரு குடும்பமாக வரிசையாய்க் கட்டிய எங்கள் மேட்டு லயம். பள்ளத்தில், ஓடையை ஒட்டிப் பணிய லயம். பங்களாத் தொட்டி நிறைந்து வழிந்த தண்ணீர் நாங்கள் குடம் பிடிக்கும் பீலிக்கு வரும். எங்கள் பீலியில் விழுந்து ஓடியது பணிய லயத்துக்குப் போகும். வெளியூர்க்காரர் ஒருவர் எதிர்மலையில் நின்று பார்த்தால், பாடப்புத்தகத்துப் பாறைப் படம் என்றே நினைப்பார்.

ஆனால் அவருக்கு ஒன்று தெரியாது. கீழே இருந்த இரண்டு லயத்துக்கும் இடையே சம்பளத்தில் ஒரு சதமும் வித்தியாசமில்லை. அதே அளவுக் காம்பரா, அதே புகை, அதே ஒழுகும் தகரம். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் ஒரே துரையிடம் ஒரே ஏச்சை வாங்கினோம். இலங்கை அரசு எங்கள் குடியுரிமையைப் பறித்தபோது மேட்டு லயம், பணிய லயம் என்று பார்த்துப் பறிக்கவில்லை. நாட்டின் கணக்கிலும் துரையின் கணக்கிலும் நாங்கள் எல்லாரும் ஒரே அடுக்கு. அந்த ஒன்றைப் பிளந்து இரண்டாக்கியவர்கள் நம் ஆட்களேதான். இரண்டு சாதிகளின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தேடுவீர்கள்.

இரண்டு லயத்துக்கும் நடுவில் பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஒற்றை அறை. புளித்த பாலும், அடுப்புப் புகையில் காயும் ஈரத்துணியும், தரை கழுவும் மருந்தும் கலந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. கூரை மரத்திலிருந்து பழைய சேலைகளில் தொட்டில்கள் தொங்கும். வெயில் விழும் சன்னல் ஓரம் மேட்டு லயத்துப் பிள்ளைகளுக்கு. காற்றடிக்கும் கதவோரம் பணிய லயத்துக்கு. இப்படிக் கட்டச்சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. பார்த்தால் தானாகப் படிந்தது போலத்தான் இருக்கும்.

பழைய ஆயா இந்தியாவுக்குத் திரும்பிப் போனதும், தோட்டத்து டாக்டரய்யா அந்த வேலைக்குப் பணிய லயத்துப் பெண் ஒருவரை நியமித்தார். ஆசுபத்திரியில் பிரசவங்களுக்கு உதவி செய்து பழகியவர். அவருடைய கணவர்தான் விடியற்காலையில் தப்படித்து எங்களை வேலைக்கு எழுப்புவார். சாவு விழுந்தாலும் அவரே அடிப்பார். அந்தப் பெண்ணை அக்கா பிற்பாடு ஆயம்மா என்று அழைத்தாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

செய்தி வந்த அன்று மாலை பீலியடியில் குடங்கள் நிறைந்து வழிந்தன, ஒருத்தியும் தூக்கவில்லை.

"அவ கையால எம்புள்ளைக்குப் பாலா? பட்டினி கெடந்தாலும் சரி, விடமாட்டேன்" என்றாள் ஒருத்தி.

"உம்புள்ளைக்குத் தொப்புள்கொடி அறுத்தது யாரு கையி?" என்று என் அம்மா கேட்டாள்.

"அது வேற, மதினி. அது ஆசுபத்திரி."

"ஓ. ஆசுபத்திரியில அவ கைய கழட்டி வச்சிட்டு வேற கைய மாட்டிக்குவா போல."

சிலர் சிரித்தார்கள். ஆனால் அம்மாவின் பேச்சு அந்தப் பீலியடியோடு முடிந்தது. முடிவெடுக்கிறவர் என் அப்பா. அவர் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். துரைக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றாமல் நின்று பேசிய முதல் ஆள் என்று அவருக்குப் பெயர். அன்றிரவு சங்கக் கூட்டம் கூட்டுவது போலவே லயத்து ஆட்களைக் கூட்டினார்.

"நாளையிலேருந்து ஒரு புள்ள அங்க போகக் கூடாது. இது நம்ம உரிமைப் பிரச்சினை. ஒத்துமையா நின்னா தொரை எறங்கி வருவாரு."

உரிமை, ஒற்றுமை, போராட்டம். கூலிக்காகப் பேசக் கற்ற சொற்கள் எல்லாவற்றையும் அன்று அவர் தொட்டிலுக்காகச் செலவழித்தார். தான் செய்வது சங்க வேலை என்றே அவர் உண்மையில் நம்பினார். அவர் கெட்டவரல்ல என்று இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டும் என நீங்கள் எதிர்பார்க்கலாம். சொல்லப்போவதில்லை.

"அப்ப புள்ளைகள யாரு பாக்குறது?" என்று அம்மா கேட்டாள். எங்கள் தங்கச்சி அப்போது குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தாள்.

"பெரியவ இருக்கால்ல. ஒரு பத்து நாளு."

"அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போயிராது."

அக்கா ஐந்தாம் வகுப்பு. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் அத்தோடு முடியும். அந்த ஆண்டுக் கடைசியில் நடக்கும் பரீட்சையில் தேறினால், அட்டன் டவுனில் விடுதியோடு ஒரு பள்ளியில் இலவச இடம் வாங்கித் தருவதாக வாத்தியார் சொல்லியிருந்தார். தேறுவாளா என்ற கேள்வியே அவருக்கு இல்லை. வாத்தியார் கணக்கை முழுவதும் சொல்லி முடிக்குமுன் விடையை எழுதிச் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மூலை உடைந்த சிலேட்டு அது. உடைந்த மூலையைத் துணி சுற்றித் தைத்திருந்தாள்.

பத்து நாள் என்றது ஒரு மழைக்காலமாக நீண்டது. எங்கள் காம்பராவில் ஏழெட்டுக் குழந்தைகள். சன்னல் இல்லாத அறை. வெளியே விடாத மழை. ஒரு தொட்டில் கயிறு அவள் கையில், இன்னொன்று காலில். எதிர்ச்சுவரின் ஆணியில் சிலேட்டு தொங்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் அன்றைய கணக்கை அதில் எழுதிவைக்கச் சொல்லி, கயிற்றை விடாமலே மனத்துக்குள் போட்டு விடை சொல்வாள்.

கடைசியில் ஒருநாள் பெரட்டில் துரையே கேட்டார். வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழ் பேசுவார். மழைக்காக ஆசுபத்திரிச் சுவரோரம் ஒதுங்கி நின்றிருந்த நான் அதைக் கேட்டேன்.

"தலைவர், என்னா சண்டை?"

"தொரைகளே, பிள்ளைக்காம்பராவுக்கு அந்தப் பொம்பள வேணாங்க. எங்க வழக்கத்துக்கு ஒத்துவராதுங்க."

"அவ்வளவுதானா?"

துரை சிரித்துவிட்டார். ஒழுகும் தகரத்தை மாற்றக்கேட்டு இரண்டு மழைக்காலமாக அப்பா நடந்த நடைக்குக் கிடைக்காத சிரிப்பு அது. ஒருவரை ஒருவர் தொடாமல் இருக்க உதவி கேட்டோம். அவருக்கு ஒரு தகரமும் செலவில்லை.

"சரி. அவ வேணாம். உன் ஆள் நீ கொண்டு வா. ஆனா கொழுந்து எடுக்குற ஆள் ஒண்ணும் தர மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை வெற்றிக் களிப்பில் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலை அப்பாவுக்கு மாலை போட்டார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணியும் வெல்லமும். தப்படித்துக் கொண்டாடலாம் என்று ஒருவர் சொன்னார். யாரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்வது என்று நினைத்துப் பார்த்துவிட்டு எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தார்கள்.

மறுநாள்தான் கணக்கு இடித்தது. கொழுந்தெடுக்காத ஆள் மேட்டு லயத்தில் யார் இருக்கிறார்கள்? படுத்த கிழடுகளும் பிள்ளைகளும்தான். வேறு வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளையைத் தர மறுத்தார்கள். "தலைவர்தான சொன்னாரு, தலைவரே தரட்டும்" என்றார்கள். அப்பா அக்காவைக் காட்டியபோது, வயது போதாதென்று கண்டாக்கு முணுமுணுத்தார். துரை சரியென்று தலையசைத்தார், அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பிள்ளைக்காம்பராவில் பால் கலக்குவது மட்டும் வேலை இல்லை; நாள் முழுக்கப் பீத்துணி அலச வேண்டும். அடுத்தவன் பிள்ளையின் பீத்துணியை அலச எங்கள் ஆள் போகக்கூடாதென்று அதே வாய்கள் சொல்லின. ஆகவே வேண்டாமென்று துரத்தப்பட்ட ஆயம்மாவையே பாதிச் சம்பளத்துக்குத் திரும்ப அழைத்து, பின்பக்க ஓடையில் துணி அலச விட்டார்கள். உள்ளே நம் ஆள் கையால் பால். வெளியே அவர் கையால் பீத்துணி. எங்கள் போராட்டத்தின் இறுதி ஒப்பந்தம் இதுதான்.

வாத்தியார் மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

"தலைவரே, பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசந்தான் இருக்கு. இந்தப் புள்ளைய விட்டுக் குடுங்க."

"தலைவன் சொல்லிட்டு, அவன் வீட்டுப் புள்ளையவே தரலன்னா நாளைக்கு எவன் மதிப்பான், வாத்தியாரே?"

"அப்ப அவ படிப்பு?"

"பொட்டப்புள்ள படிச்சு தொரையாவா ஆகப்போறா? சின்னவன் இருக்கான்ல. அவன அனுப்புங்க அட்டனுக்கு."

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்பது வயது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா விளக்குச் சிமினியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து, மாட்டி, திரியைக் குறைத்தாள். மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்குப் போகும்போது சிலேட்டையும் எடுத்துப் போனாள். பால் பானைக்கு மூடி இல்லையாம்.

சில வாரம் கழித்து, பேய்மழை என்று பள்ளிக்கூடத்தை முன்னதாக விட்ட ஒரு நாள், அக்காவுக்கு ரொட்டி கொண்டு போனேன். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன், மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது. சன்னல் பலகையின் இடுக்கு வழியே பார்த்தேன்.

தொட்டில்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. சன்னலோரமும் இல்லை, கதவோரமும் இல்லை. எல்லாம் அடுப்பைச் சுற்றி ஒரே வட்டமாகத் தொங்கின. ஆயம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு தொடையில் எங்கள் தங்கச்சி. மறு தொடையில் அவருடைய சொந்தக் குழந்தை. ஒரே கோப்பை, ஒரே கரண்டி; இந்த வாய்க்கு ஒன்று, அந்த வாய்க்கு ஒன்று. அக்கா அவருடைய முதுகில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் சிலேட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பால் பானை திறந்து கிடந்தது.

ஆயம்மாதான் முதலில் என்னைக் கண்டார். அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. தங்கச்சியைத் தொட்டிலில் போட்டுவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். பிறகு, ஒன்பது வயதுப் பையனான என்னிடம் சொன்னார்: "ஈரத்துல நிக்காதீங்க சாமி. உள்ள வாங்க."

அக்கா வெளியே வந்து என்னைக் கூரைக்கடியில் இழுத்தாள்.

"அவங்க ஏன் உள்ள இருக்காங்க?" என்று கேட்டேன்.

"மொத வாரம் ஒரு புள்ளைக்குப் பொரையேறி மூச்சு நின்னுபோச்சுடா. மூஞ்சி நீலமாயிருச்சு. எனக்கு என்னா தெரியும்? பின்கதவத் தொறந்து அவங்களக் கூப்புட்டேன். தலகீழாப் புடிச்சு முதுகுல ஒரு தட்டு தட்டினாங்க. அழுதிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் பின்கதவ நான் மூடவே இல்ல. அதான் முன்கதவ மூடிக்கிறேன்."

"அப்பாகிட்ட சொல்லவா?"

"சொன்னா அப்பா என்னைய அடிக்க மாட்டாரு. அவங்களத்தான் அடிப்பாங்க. லயத்த விட்டே வெரட்டுவாங்க. அப்புறம் இந்தப் புள்ளைகள எவ பாப்பா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. கையடி."

கையடித்துச் சத்தியம் செய்தேன். அவள் கை முழுக்கச் சிலேட்டுத் தூள்.

அந்த ஆண்டுப் பரீட்சை நடந்தது. அக்கா எழுதவில்லை. அன்று காலையிலும் வழக்கம்போலப் பிள்ளைக்காம்பராவுக்குத்தான் போனாள். வீட்டில் யாருக்கும் அந்த நாள் நினைவில்லை. வாத்தியார் மட்டும் பள்ளிக்கூடத்து வாசலில் வெகுநேரம் நின்றார். இரண்டு ஆண்டு கழித்து அவள் இடத்துக்கு நான் அட்டன் பஸ் ஏறினேன். சிலேட்டை என் பெட்டியில் அவளே வைத்தாள். பால் பானையின் வட்டத் தழும்பு அதில் ஏறியிருந்தது. எவ்வளவு அழித்தாலும் போகவில்லை. விடுதியில் யாரோ மிதித்து அது உடைந்துபோனது. அக்கா தொழிலாளியாகப் பேர் பதிந்து கொழுந்துக்குப் போகும்வரை பிள்ளைக்காம்பராவில் இருந்தாள். பிறகு இடுப்பு வளையும்வரை மலையில் இருந்தாள். அப்பா சாகும்வரை, துரையை இறக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கூரை அவர் சாகும்வரை ஒழுகியது.

சொல்லின் பயன்பாட்டையும் கேட்டிருந்தீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: எங்கே ஓர் அடுக்கைக் கண்டாலும், அதைத் தினமும் காலையில் யார் கட்டுகிறார், யார் கூலியில்லாமல் தாங்குகிறார், கதவை மூடிய பிறகு உள்ளே அது மிச்சம் இருக்கிறதா என்று கேட்கட்டும். எங்கள் பிள்ளைக்காம்பராவில் மிச்சம் இருக்கவில்லை. மேட்டு லயத்தின் மானம் முழுவதும் ஒரு தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாளுக்காக ஒரு சிறுமியின் படிப்பை விலையாகக் கொடுத்தோம். அந்தக் காலம் அப்படி என்று எழுத வேண்டாம். அதே காலத்தில்தான் என் அம்மா பீலியடியில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஆயம்மா ஒரே கோப்பையில் பால் கொடுத்தார்.

சென்ற மாதம் அக்காவின் சாவுக்கு நீங்கள் பலர் வந்திருந்தீர்கள். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கார்களில் வந்தீர்கள். ஆயம்மா போய்ப் பல ஆண்டு ஆகிறது. அவருடைய மகள் வந்திருந்தார். அன்று மறு தொடையில் இருந்த அதே குழந்தை, இப்போது நரைத்த தலை. கையில் ஒரு மலர்வளையத்தோடு ரோட்டில் நின்றார். நம்மில் ஒருவர், நன்றாகப் படித்து நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பந்தலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "அவங்களுக்கு அங்கேயே தேத்தண்ணி குடுத்துருங்க. உள்ள வேணாம். பெரியவங்க மனசு கஷ்டப்படும்."

நான் எழுந்து ரோட்டுக்குப் போய் அவரை உள்ளே அழைத்தேன்.

"வேணாங்கய்யா" என்றார். "சாவு வீட்டுல எதுக்குச் சண்ட. அக்கா மொகத்த இங்கேருந்தே பாத்துக்குறேன்."

அங்கிருந்து முகம் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பந்தலில் பேசியவருக்கு ஒரு செய்தி. மூச்சு நின்று நீலமான அந்தப் பிள்ளை யாருடையது என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறாள். அது நீங்கள்தான். உங்களைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிய கையின் மகளைத்தான் நீங்கள் ரோட்டில் நிறுத்தினீர்கள். மற்றவர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அந்தத் தொட்டில்களில் கிடந்த உங்கள் அத்தனை பேரின் வாய்க்குள்ளும் அந்தக் கரண்டி போயிருக்கிறது.

அக்கா உயிரோடு இருக்கும்வரை என்பதுதான் சத்தியம். அவள் இல்லை. அடித்து விரட்ட ஆயம்மாவும் இல்லை. இனி யாரையாவது அடிக்க வேண்டுமானால் நான் இருக்கிறேன். என் வீடு உங்களுக்குத் தெரியும். வாருங்கள், முன்கதவு திறந்திருக்கும்.